சாட்சி நாசில்

“இருக்கு. ஆனா இல்லைன்னு வச்சுக்கங்க.”

இல்லை என்று ஒருவரிடம் சொல்லவேண்டிய நேரம் வந்தால் மிஸ்திரி இப்படித்தான் சொல்வார். கேட்டவர்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்கள். இருக்கிறதல்லவா, அப்படியானால் கொடுங்கள் என்று நிற்பார்கள். அவரும் கொடுத்துவிடுவார்.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேல் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. வாடகைக்கு சைக்கிள் விடுவதும் பஞ்சர் ஒட்டுவதும் தொழில். கடையை ஒட்டி நின்ற வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருப்பார். ஆயில் எஞ்சின் மிஸ்திரி. கிணறுகளில் மாடு கட்டி இறைத்தது போய் எஞ்சின் வந்திருந்த காலம் அது. சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் எஞ்சின் மக்கர் செய்தாலும் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் அந்த மரத்தடிக்குத்தான் வருவார்கள். அவர் என் கடை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வாடகையை நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே நாலு பேரிடம் முகம் பார்த்துப் பேச வராது. அவருக்குக் கொடுக்காமல் இருக்க வராது. அதனால் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அவருடைய சட்டைப்பை தைத்து மூடியிருக்கும். மதினி, அதாவது அவர் சம்சாரம், ஊசிநூல் எடுத்துத் தைத்தது. பையில் பீடி இருந்தால் பீடி போகும், தீப்பெட்டி இருந்தால் தீப்பெட்டி போகும். “இவுக பைக்கு வாய் இருக்கு, இவுக வாய்க்குத்தான் பூட்டு போட முடியல. அதான் பையைத் தச்சுட்டேன்” என்று என்னிடம் சொன்னார். மிஸ்திரி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு பீடியைக் காதில் செருகிக்கொண்டார். காதில் இருந்தாலும் கேட்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வயலில் எஞ்சினைக் கழற்றும்போது சம்சாரி பக்கத்தில் வந்து நின்றால் அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். எஞ்சினைப் பார்த்தபடியே பதில் சொல்வார். “ஏண்ணே அப்படி?” என்று கேட்டேன். “மொகத்தைப் பாத்தா தோத்துருவேன் தம்பி” என்றார்.

அவரிடம் ஒரு நாசில் இருந்தது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற சாமான். உள்ளங்கைக்குள் அடங்கும். முனையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துவாரம். நல்ல நாசிலாக இருந்தால், வெளியே வைத்துப் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றும்போது தவளை கத்துவதுபோல ஒரு சத்தம் வரும், டீசல் புகையாக விரியும். கெட்டுப்போன நாசிலாக இருந்தால் மூக்கு ஒழுகுவதுபோல ஒழுகும். ஆனால் ஒழுகினால் நாசில்தான் குற்றவாளி என்று சொல்லிவிடவும் முடியாது. பின்னாலிருந்து தள்ளுகிற டீசல் பம்பு தேய்ந்திருந்தாலும் அப்படித்தான் ஒழுகும். எது என்று தெரிய ஒரே வழி, நல்லது என்று தெரிந்த ஒரு நாசிலைப் பூட்டிப் பார்ப்பது. அது புகையாக விரிந்தால் பழைய நாசில் கெட்டது. அதுவும் ஒழுகினால் பம்பு போச்சு. நாசில் கெட்டிருந்தால் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒன்று வாங்கி மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம். பம்பு என்றால் மதுரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே எப்போது கொடுப்பார்களோ அப்போதுதான்.

பூட்டிப் பார்ப்பதற்கு மட்டுமே என்று வைத்திருந்த அந்த நாசிலை அவர் ‘சாட்சி’ என்பார். “சாட்சி சொல்ல வந்தவன் வழக்குல சேரக்கூடாது தம்பி. சேந்துட்டா அப்புறம் அவன் சொல்லு செல்லாது.” எஞ்சினில் மாட்டி ஓட்டினால் எந்த நாசிலும் தேயும், கரி பிடிக்கும். அப்புறம் அது பத்தோடு பதினொன்று. பார்த்ததும் கழற்றி, டீசலில் நனைத்த பஞ்சில் சுற்றி, ஒரு தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். இந்த நியாயமெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்த டப்பாவை எங்கே வைப்பது என்பதுதான் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முதலில் சாமான் பையில்தான் வைத்திருந்தார். வயலுக்குப் போய் அதைப் பூட்டுவார். எஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடும். தண்ணீர் வாய்க்காலில் விழும். அதன்பிறகு அதை நிறுத்திக் கழற்றுவது என்பது அவரால் ஆகிற காரியமா? “ஓடுற எஞ்சினை நிப்பாட்டாதீக மிஸ்திரி. இந்தப் பாத்தி பாஞ்சு முடியட்டும்” என்பார்கள். பாத்தி முடிந்தால் அடுத்த பாத்தி. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பருத்திக்காட்டில் பாத்தி முடிவதற்குள் பருத்தியே வெடித்து, அதை எடுத்தும்விட்டார்கள். அவர் காலி டப்பாவோடு திரும்பி வந்து வேறு ஒன்று வாங்கினார்.

அடுத்து வீட்டில் வைத்தார். மதினி அதை அடுக்குப்பானைக்குள் போட்டு, “எந்த ஊரு, யாரு எஞ்சின்னு சொல்லிட்டு எடுத்துக்கங்க. பொழுது சாயத் திரும்பி வந்தா சோறு” என்று சொல்லிவிட்டார். இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வயலில் எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகுதான் சாட்சி தேவையா என்றே தெரியும். தெரிந்த பிறகு வெயிலில் ஊருக்கு வந்து எடுத்துப் போக வேண்டும். வழியில் மண்பாதை, எதிர்க்காற்று. ஒரு தடவை போவார், அடுத்த தடவை சலிப்பார். சாட்சி இல்லாமலே “பம்புதான்” என்று சொல்லிவிடுவார். சில நேரம் பம்பாகவே இருந்தது. ஒரு நேரம் இல்லை.

“பக்கத்துல வச்சா பறி போகுது, தூரத்துல வச்சா துருப் பிடிக்குது” என்று மரத்தடியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, உன் கடையில வைக்கிறேன். ஒன்கிட்ட யாரும் வந்து பேச மாட்டாக.”

“பேசுனா என்ன சொல்ல?”

“நீதான் பேசவே மாட்டியே. அப்படியே இரு. போதும்.”

டியூப் தொங்கவிடுகிற வரிசைக்குப் பின்னால் ஒரு ஆணி இருந்தது. டப்பாவில் கம்பி கட்டி அதில் மாட்டினோம். போகும்போது எடுத்துப் போவார், வந்ததும் மாட்டுவார். டப்பா ஆணியில் இல்லையென்றால் நான் அவரைப் பார்ப்பேன். அவ்வளவுதான் என் வேலை. கொஞ்ச காலம் அந்தப் பார்வைக்குக்கூட அவர் பயந்தார். வயலில் யாராவது கேட்டால், “சைக்கிள்கடைத் தம்பி ஒரு மாதிரி. கோவக்காரன்” என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறார். இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. என்னைக் கண்டதும் சில சம்சாரிகள் ஒதுங்கிப்போனதன் காரணம் இதுதான்.

மழை பொய்த்த ஒரு வருஷம் ஒருவர் வந்தார். பெரிய வெள்ளாமை இல்லை, கொஞ்சம் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தார். மரத்தடிக்கு வந்து ஒன்றும் கேட்காமல் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அழுதுபேசுகிறவர்களிடம்கூட மிஸ்திரி எப்படியோ சமாளிப்பார். சும்மா உட்கார்ந்திருப்பவர்களிடம் முடியாது. அந்த மனுஷருக்கு நாசில் போயிருந்தது. அருப்புக்கோட்டைக் கடையில் அந்த வாரம் சரக்கு இல்லை.

“இருக்கு. ஆனா இல்லைன்னு வச்சுக்கங்க” என்றார் மிஸ்திரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

வந்தவர் அசையவில்லை. உட்கார்ந்தே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மிஸ்திரி எழுந்து கடைக்குள் வந்தார். நான் அவரைப் பார்த்தேன். “கடையில சரக்கு வந்ததும் திருப்பிக் குடுத்துருவாக தம்பி” என்று ஆணியிலிருந்து டப்பாவை எடுத்தார்.

அந்த மனுஷர் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. கடையில் சரக்கு வந்ததும் தானே கொண்டுவந்தார். மிஸ்திரி வேலைக்குப் போயிருந்ததால் என்னிடம் கொடுத்தார். டப்பா கனத்தது. திறந்து பார்த்தால் பாசிப்பயறு. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. பயறுக்குள் கையை விட்டு நாசிலை எடுத்தேன். புதுப் பித்தளைச் செம்புபோல மின்னியது. “வீட்டுல வெளக்குனாக. கரியோட குடுத்தா மிஸ்திரி என்ன நெனைப்பாகன்னு புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேய்தேய்னு தேச்சாக” என்றார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

சாயங்காலம் மிஸ்திரி அதைப் பார்த்துவிட்டு உருகிப்போனார். “பாரு தம்பி, மரியாதைன்னா இது. நம்மூர் ஆளுக கழுவக்கூட மாட்டாங்கெ.” பயறை என்னிடம் பாதி கொடுத்தார். நாசிலைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டு ஆணியில் மாட்டினார்.

அதன்பிறகு கொஞ்ச நாளிலேயே அவருடைய அக்காளிடமிருந்து ஆள் வந்தது. திருச்சுழிக்கு அந்தப்பக்கம் ஒரு ஊர். அக்காளுக்குப் புருஷன் இல்லை. ஒரு ஜோடி மாடு, ஒரு கிணறு, ஒரு எஞ்சின். மிளகாய்த் தோட்டம் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, உடனே வரவேண்டும். கனத்த சாமான் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டப்பாவைத் தானே மடியில் வைத்துக்கொண்டார்.

அக்காள் அவரைவிடக் கட்டையான குரல் உடையவர். “ஏலே, வாரதுக்கு இம்புட்டு நேரமா? மொளகா ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி சாப்பிட்டீகளா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அதை அவர் நம்பாமல் கம்மங்கூழ் கொண்டுவந்தார்.

எஞ்சினின் நாசிலைக் கழற்றி வெளியே வைத்துச் சுற்றினோம். ஒழுகியது. மிஸ்திரி சாட்சியைப் பூட்டினார். நான் சுற்றினேன். அதுவும் ஒழுகியது. இன்னும் வேகமாகச் சுற்றச் சொன்னார். ஒழுகியது. அவர் அக்காளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

“பம்புக்கா. மதுரைக்குத்தான் போகணும்.”

“நெசமாத்தானா?”

“சாட்சி பொய் சொல்லாதுக்கா.”

அன்றைக்கே பம்பைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினோம். அந்த வருஷ வறட்சியில் இருந்த கிணற்றையெல்லாம் எல்லாரும் விடாமல் இறைத்ததில் ஊருப்பட்ட பம்புகள் அந்தப் பட்டறையில் வரிசையாகக் கிடந்தன. எங்களுடையதைக் கடைசியில் வைத்தார்கள். நாங்கள் போவதும், “நாளைக்கு வாங்க” என்பதும், திரும்புவதுமாக இருந்தது. அக்காள் குடத்தில் சுமந்து ஊற்றிக்கொண்டிருப்பதாக ஆள் வந்து சொன்னது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. இருந்தும் இல்லாததுபோலக் கிடந்தது.

ஒருவழியாகப் பம்பு வந்தது. உள்சாமான் மாற்றிப் புதிதாக வந்த பம்பு. கொண்டுபோய்ப் பூட்டினோம். எஞ்சினின் நாசிலும் ஒழுகியது, சாட்சியும் ஒழுகியது.

மிஸ்திரி சாட்சியைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு மெல்லிய கம்பியால் துவாரத்தைக் குத்தினார். செங்கல் நிறத்தில் ஏதோ நுணுக்கமாக வந்து அவர் கட்டைவிரலில் ஒட்டியது. உள்ளே ஊசி இறங்கி உட்காருகிற இடமெல்லாம் அதே பொடி அறுத்திருந்தது. அவர் அந்தக் கட்டைவிரலை எனக்குக் காட்டினார். அக்காளுக்குக் காட்டவில்லை.

நான் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புது நாசில் வாங்கிவந்தேன். மத்தியானத்துக்குள் எஞ்சின் ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் வந்து, பூவெல்லாம் கொட்டிச் சுருண்டு நின்ற செடிகளின் காலில் பாய்ந்தது. கெட்டுக் கிடந்தது எஞ்சினின் நாசில்தான், பழைய பம்பில் ஒரு குற்றமும் இருந்திருக்கவில்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

மிஸ்திரி அக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாட்சியை இரவல் கொடுத்ததை, அது கெட்டு வந்ததை, பார்க்காமல் நம்பியதை. அக்காள் திட்டுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். மிஸ்திரியும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“சாட்சிக்காரன் கால்ல விழுகிறதுக்குச் சண்டைக்காரன் கால்ல விழலாம்னு சும்மாவா சொன்னாக” என்றார் அக்காள். அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை மாற்றப் போனார். காய்ந்த செடிக்கு எதற்கு மடை மாற்ற வேண்டும் என்று எங்கள் இரண்டு பேராலும் கேட்க முடியவில்லை. அந்தக் கோடையில் அவர் மாடுகளை விற்றார்.

மிஸ்திரி ஒரு புது சாட்சி வாங்கினார். மதினி காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது. கொடுக்கும்போது, “இதையும் தானம் பண்ணிட்டு வந்தீகன்னா அடுத்து என் காதைத்தான் அறுக்கணும்” என்றார். புது நாசில் பழைய டப்பாவில், பழைய ஆணியில் தொங்கியது. அதன்பிறகு அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. காலையில் வந்ததும் டப்பாவை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். பஞ்சுக்குள் அது இடிக்கிற சத்தம் கேட்டால் மாட்டிவிட்டு உட்காருவார். யார் கேட்டாலும், “சாட்சிக்கு யாருங்க சாட்சி?” என்று சொல்லி அனுப்பினார். சிலருக்கு அது புரியவில்லை. புரியாததால் போய்விட்டார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வருஷம், பயறு கொண்டுவந்த அதே மனுஷர் வந்தார். அதே மாதிரி குத்தவைத்து உட்கார்ந்தார். இந்தத் தடவையும் நாசில்தான், கடையில் சரக்கு இல்லை. மிஸ்திரி தரையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார். அவரை மட்டும் பார்க்கவில்லை. நான் கடைக்குள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு இருந்தேன். எழுந்துபோய் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மிஸ்திரி கொடுக்காமல் நின்றிருப்பாரோ என்னவோ. என் வாயிலிருந்து அது வரவில்லை. தண்ணீரில் குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்திரி வந்து டப்பாவைத் திறந்தார். நாசிலை மட்டும் எடுத்து, டப்பாவைத் திரும்ப ஆணியில் மாட்டினார். வெளியே போய் அவர் கையில் கொடுத்தார்.

“வச்சுக்கங்க. திருப்பித் தர வேண்டாம்.”

அந்த மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது. “ஏன் மிஸ்திரி, போன தடவை வெளக்கித்தான குடுத்தோம்? எதும் கொறை இருந்துச்சா?”

மிஸ்திரி அப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“ஒரு கொறையும் இல்ல. நல்லா வெளக்கியிருந்தாக. தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லுங்க.”

அவர் போனபிறகு நான் மிஸ்திரியைப் பார்த்தேன். “என்ன தம்பி பண்ண? அவன் மொளகாவும் மொளகாதானே” என்றார். பிறகு, கோபக்காரனிடம் பேசுவதுபோல மெதுவாக, “திரும்பி வந்தாத்தானே பொய் சொல்லும்? வராமப் பண்ணிட்டேன்ல” என்றார்.

மதினியிடம் அதை அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பழக்கத்தில் டப்பாவை எடுத்துக் காதில் வைத்து ஆட்டினார். சத்தம் இல்லை. திரும்ப மாட்டிவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான். எஞ்சின் பார்க்கக் கூப்பிட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: “எங்கிட்ட சாட்சி இல்ல. நான் சொல்றது ஊகம்தான். இஷ்டம்னா வாரேன்.” பாதிப் பேர் வேறு மிஸ்திரியைத் தேடிப் போனார்கள்.

தை பிறந்த சமயம் அக்காளிடமிருந்து ஆள் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது.

மிஸ்திரி எழுந்து கடைக்குள் வந்தார். டப்பாவை எடுத்து ஆட்டினார். காலி என்று தெரியும், தெரிந்துதான் ஆட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். அருப்புக்கோட்டையில் இறங்கி நாசில் கடைக்குப் போய்ப் பார்த்தோம். சரக்கு அடுத்த வாரம் என்றார்கள். திருச்சுழி பஸ் ஏறினோம்.

அக்காள் கிணற்றுமேட்டில் நின்றிருந்தார். இரவல் மாட்டில் உழுது போட்ட மிளகாய்த் தோட்டம்.

“சாட்சி எங்கடா?”

மிஸ்திரி டப்பாவை நீட்டினார். அவர் வாங்கித் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“யாருக்குக் குடுத்த?”

“ஒரு சம்சாரிக்கு. போன தடவை வாங்கிட்டுப் போனவுகதான்.”

“மொளகாயா?”

“ஆமாக்கா.”

“தண்ணி பாஞ்சுச்சா?”

“பாஞ்சிருக்கும்க்கா.”

அக்காள் டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் தயங்கி, முந்தானையில் முடிந்திருந்த வறுத்த கடலையை அவிழ்த்து அதற்குள் போட்டார்.

“சரி. இப்ப எதைக் கழட்டப் போற? பம்பையா, நாசிலையா?”

மிஸ்திரி எஞ்சின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதன்பிறகு நிமிர்ந்து அக்காள் முகத்தைப் பார்த்தார்.

“தெரியலக்கா” என்றார்.

பின்னால் தோட்டம் முழுக்க அப்போதுதான் வெள்ளையாகப் பூ விட்டிருந்தது.